ஈயத்திலிருந்து வெப்ப உணரி வரை

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் செங்கற்சூளையால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகளை அழித்தபின், ஊரைச் செங்கல்லால் கட்டுமாறு ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம் பணித்தார். அதற்கான செங்கல் சுடப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று. அக்காலச் சூளைக்காரர் தீயின் நிறம் பார்த்தே வெப்பத்தை அறிந்தனர், கண்ணே கருவி.

மேலைநாட்டிலோ வெப்பத்தை மின்சாரத்தால் அறியும் வழி முன்பே தோன்றியிருந்தது. வெள்ளி சல்பைடு சூடாகும்போது அதன் மின்தடை குறைவதை 1833இல் மைக்கேல் பாரடே கண்டார். உலோகங்களிலோ தடை கூடும். பிளாட்டினத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு. தடையை அளந்தால் வெப்பநிலை தெரியும். இன்றைய நானோ உணரிகள் பலவும் இந்நெறியையே பின்பற்றுகின்றன.

இதில் நம் பள்ளத்தாக்குக்கு என்ன உறவு? ஈயம். நாம் வாளா ஈயம் என்பது வெள்ளீயத்தையே, காரீயம் வேறு. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய சுரங்கத் தொழிலாளர் அம்பாங்கில் ஈயம் தோண்டியதால் பிறந்த ஊர் கோலாலம்பூர். அவ்வீயத்தைக் கொண்டுசெல்லவே 1886இல் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. மலாயாவின் இரயில் பாதைகளில் தமிழர் சிந்திய வியர்வையைப் பலரும் பேசியுள்ளனர். அவர்கள் ஏற்றியனுப்பிய உலோகம் பின்னர் என்னவாயிற்று என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

தகர டப்பாவுக்கும் பற்றவைப்புக்கும் பயன்பட்ட வெள்ளீயம், இருபதாம் நூற்றாண்டில் கண்ணுக்குத் தெரியாத வேலையொன்றையும் ஏற்றது. இண்டியம் ஆக்சைடு தொண்ணூறு பங்கோடு வெள்ளீய ஆக்சைடு பத்துப் பங்கு சேர்ந்த மெல்லிய படலம், ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். நம் கைப்பேசியின் தொடுதிரை அதனால் ஆனது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததோடு ஈயத்தின் கதையை முடித்துவிடும் நம் வரலாற்று நூல்கள் இப்படலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கொரு குறையுண்டு: வளைத்தால் வெடிக்கும். காய்ச்சலை அறியத் தோலில் ஒட்டும் உணரி வளைந்தேயாக வேண்டும். ஆகவே வெள்ளி நானோ இழைகளும், 1991இல் அறிவிக்கப்பட்ட கார்பன் நானோக் குழாய்களும், 2004இல் அறிவிக்கப்பட்ட கிராஃபீனும் அதன் இடத்தை நாடுகின்றன. ஆயினும் புதிய இடர் ஒன்று எழுந்தது. வளைவும் மின்தடையை மாற்றுவதால், முழங்கை மடங்கியதைக் கருவி காய்ச்சல் என்று பிழையாகக் கொள்ளக்கூடும். கம்பியை நெளிநெளியாக அமைத்தும், வளைவை மட்டும் அளக்கும் இன்னோர் உணரியை அருகில் வைத்து அதன் அளவைக் கழித்தும் ஆய்வாளர்கள் இப்பிழையைக் குறைத்து வருகின்றனர்.