ஒரே பெட்டி, வேறு வேறு கார்கள்

பிளாஸ்டிக் மாடல் கார் கட்டும் பொழுதுபோக்கின் வரலாற்றைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் மலிந்தது, அமெரிக்க வீடுகளில் காசு புழங்கியது, பொம்மை நிறுவனங்கள் காரைத் துண்டு துண்டாக வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்றன, பிள்ளைகள் வாங்கி ஒட்டினார்கள். இதில் தவறான தகவல் ஏதும் இல்லை. ஆனால் சரக்கு எப்படிச் சந்தைக்கு வந்தது என்பதைத்தான் இது சொல்கிறது. கைவேலை எங்கே பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. கார் கம்பெனியின் விளம்பரப் பொருளாகத் தொடங்கிய ஒன்று, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வாரக்கணக்கில் பெயின்ட் அடிக்கும் வேலையாக மாறியது எப்படி? முழுசாக விற்ற காரை, வேண்டுமென்றே முடிவு செய்யாமல் விற்கத் தொடங்கிய இடத்தில்தான் அந்த மாற்றம் நடந்தது என்பது என் வாதம்.

டெட்ராய்ட் வட்டாரத்தில் 1948இல் வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் ஏஎம்டி நிறுவனத்தைத் தொடங்கினார். அலுமினியம் மாடல் டாய்ஸ் என்பதன் சுருக்கம் அது. ஃபோர்டு காரை அலுமினியத்தில் சின்னதாக வார்த்து, ஃபோர்டு கார்களுக்கு அடிக்கும் அதே நிறத்தை அடித்து, கார் விற்கும் ஷோரூம்களுக்குக் கொடுத்தார்கள். சீக்கிரமே அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்தது. பெயர் மட்டும் மாறாமல் நின்றது. ஜோ-ஹான், பிஎம்சி ஆகிய நிறுவனங்களும் இதே வேலையில் இறங்கின. உண்மைக் காரில் 25இல் ஒரு பங்கு அளவு. அப்பா புது காரை ஓட்டிப் பார்க்கும்போது பிள்ளையின் கையில் அதே காரின் சின்ன வடிவம். இந்த ஆண்டு என்னென்ன நிறங்கள் வந்திருக்கின்றன என்று காட்டவும் அது பயன்பட்டது. ஷோரூமுக்கு வரும்போதே எல்லாம் முடிந்திருக்கும். வாங்குகிறவர் கைக்கு வேலையே கிடையாது. அன்றைக்குப் பயன்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் நாள்பட நாள்பட முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்து விளம்பரக் கார்களில் இன்றும் கிடைப்பவை பல, நடு வளைந்து சக்கரம் தரையில் பாவாமல் நிற்கின்றன.

அதே நேரத்தில் ஒட்டிச் சேர்க்கும் பெட்டிகளும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. கலிஃபோர்னியாவின் ரெவெல் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில், கோலண்ட் என்ற வடிவமைப்பாளர் குடும்பம் உருவாக்கிய பழங்காலக் கார் வரிசையை விற்றது. 32இல் ஒரு பங்கு அளவு, விலை குறைவு, நல்ல விற்பனை. அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பை அங்கேதானே வைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒட்டுவதன் பிறப்பு அங்கேதான். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கார்தான் வரும்; அட்டைப் படத்தில் இருக்கும் கார். அதற்கு எவ்வளவு நெருக்கமாக வந்தோம் என்பதுதான் அளவுகோல். திறமை வேண்டும்தான். தீர்மானிக்க வேண்டியது என்று ஒன்றும் இல்லை.

1958இல் அது மாறியது. ஏஎம்டியும் அதோடு சேர்ந்து இயங்கிய எஸ்எம்பியும், விளம்பரக் காருக்காக வெட்டிய அதே அச்சுகளில் வார்த்த உடலை ஒட்டாமல் பெட்டியில் போட்டு, கூடுதலாகச் சில பாகங்களையும் வைத்து விற்றன. ஆலையிலிருந்து வந்த மாதிரியே கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். ஒரு பெட்டியில் மூன்று வழி. விலை ஒன்றரை டாலரை ஒட்டி. முதல் பெட்டிகளில் எஞ்சின்கூடக் கிடையாது. அடித்தட்டு ஒரே பலகையாக இருக்கும். எஞ்சினும் திறக்கும் பானெட்டும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. கைவினை என்று பார்த்தால் அந்த எஞ்சினைவிடப் பெரிய விஷயம், தேவைக்கு அதிகமாக வைத்த அந்தப் பாகங்கள்தான். எல்லாவற்றையும் ஒரே காரில் பொருத்த முடியாது. எதை வைப்பது, எதை விடுவது என்று கட்டுகிறவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். மிஞ்சிய பாகங்கள் ஒரு டப்பாவில் சேரும்; அடுத்த பெட்டியின் காரில் இந்தப் பெட்டியின் பம்பர் ஏறும். அதைப் பொருத்த உடலை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் பட்டி வைக்க வேண்டும், தேய்க்க வேண்டும். நிறுவனம் சொன்ன மூன்று வழிகளோடு யாரும் நின்றுவிடவில்லை.

இதற்கு முன்மாதிரி தெருவிலேயே இருந்தது. பழைய காரை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, குரோம் பட்டைகளைக் கழற்றி, ஆழமான பளபளப்பு நிறம் அடிக்கும் பழக்கம் கலிஃபோர்னியாவில் போருக்குப் பின் பெருகியிருந்தது. அந்தத் தொழிலில் பேர்போன ஜார்ஜ் பாரிஸை ஏஎம்டி ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவர் பழைய ஃபோர்டு ஒன்றை வைத்துக் கட்டிய ‘ஆலா கார்ட்’, ஓக்லண்ட் கார் கண்காட்சியில் 1958, 1959 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியது. பின்னாலேயே பெட்டியாகவும் வந்தது. ரெவெல் நிறுவனம், எட் ராத் என்ற கார் வடிவமைப்பாளரின் விநோதக் கார்களை எடுத்துக்கொண்டது. ஆக, மாடல் கார் எதைப் போலச் செய்தது என்பதே மாறிவிட்டது. ஆலையைப் போலச் செய்த பொருள், பட்டறையைப் போலச் செய்யத் தொடங்கியது.

பட்டறை வேலையின் உயிர் பெயின்டில் இருக்கிறது. மாடல் காரிலும் அப்படித்தான். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 25இல் ஒரு பங்குக் காரில் பெயின்டின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைக் காரின் அளவுக்குப் பெருக்கினால் அது இரண்டரை மில்லிமீட்டர். கதவின் இடுக்கு அடைந்துபோகும், பெயர்ப்பலகை எழுத்து மழுங்கும். ஆகவே மிக மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்த பின் ஒன்றாக அடிக்க வேண்டும். உண்மைக் காருக்கு அடிக்கும் லாக்கரை அப்படியே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்று, மேற்பரப்பு வலைவலையாக வெடிக்கும். லாக்கரின் பளபளப்பும் வேண்டும், பிளாஸ்டிக்கும் பிழைக்க வேண்டும் என்றால் நடுவில் பிரைமர் தடுப்பாக நிற்க வேண்டும். உலோக நிறத்தில் இன்னொரு சிக்கல்: பொடியின் மணி பெரிதாக இருந்தால் கார் சின்னதென்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். நிறம் காய்ந்த பின் மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும்; விளிம்பில் ஒரு இழுப்பு கூடிப்போனால் பிளாஸ்டிக் தெரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சக்கர விஷயத்திலும் வேதியியல் விடாது. டயருக்குப் பயன்படும் மென்மையான வினைலிலிருந்து கசியும் பொருள், அது தொட்டிருக்கும் பாலிஸ்டைரீனை ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கரைத்து, ரிம்மில் பள்ளம் விழச் செய்யும். இவை எதையும் பெட்டிக்குள் இருக்கும் தாள் முழுதாகச் சொல்லித்தராது. செய்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்த்த அறிவு இது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். வடிவம் முழுவதும் ஆலையில் வார்த்தது. மேலே பெயின்ட் அடிப்பதைக் கைவினை என்பதா? உண்மையான கைவினைக்கு அமெரிக்காவிலேயே ஒப்பீடு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கான ஒரு போட்டியை நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் சிறு வடிவத்தைச் செய்ய வேண்டும்; 1937 முதல் சொந்தமாக வடிவமைத்த காரையும் செய்யலாம். மரத்திலோ பிளாஸ்டரிலோ செதுக்க வேண்டும், எல்லாம் கையால். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான பணம். 1947இல் வென்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். இதன் பக்கத்தில் பெட்டிக் கார் என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. வடிவத்தைக் கற்பனை செய்யும் திறனில் அந்தப் போட்டியின் இடத்தைப் பெட்டிக் கார் பிடிக்கவே முடியாது, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சில் வார்த்தது என்பதாலேயே ஒன்று கைவினை ஆகாது என்ற முடிவை ஏற்க முடியாது. பண்ருட்டியில் கொலு பொம்மைகளை அச்சில்தான் எடுக்கிறார்கள். ஒரே அச்சில் வந்த இரண்டு கிருஷ்ணர்களில் ஒன்று நம்மைப் பார்ப்பதும் இன்னொன்று பார்க்காததும் கண் எழுதிய கையால். இன்னொன்றும் உண்டு. ஃபிஷர் போட்டியின் கார் ஒன்றை முடிக்க நூற்றுக்கணக்கான மணி நேரமும் வீட்டில் பட்டறை வசதியும் வேண்டியிருந்தது. பெட்டிக் காருக்குச் சமையலறை மேசையும் ஒரு கத்தியும் போதும். கதவு அகலமானது, உள்ளே போனவர்களில் சிலர் வெகுதூரம் போனார்கள்.

அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிஷர் போட்டி ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே. பெட்டி நிறுவனங்கள் அப்படி விதி எழுதவில்லை என்றாலும் அவற்றின் விளம்பரமும் அட்டைப் படமும் பையன்களிடம் மட்டுமே பேசின. அந்தக் குறை இந்தப் பொழுதுபோக்கில் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அடுத்த மறுப்பு: எப்படிக் கட்டினாலும் அது கார் கம்பெனிக்கு இலவச விளம்பரம்தானே? நாளைக்கு வாங்கப்போகிறவர்களைச் சிறுவயதிலேயே பிடிக்கிற தந்திரம்தானே? நிறுவனங்களின் நோக்கம் அதுதான். புதிய காரின் வரைபடங்களை, அது கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே, ரகசியம் காக்கும் நிபந்தனையோடு மாடல் நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். கார் வெளிவரும் பருவத்திலேயே பெட்டியும் வெளிவந்தது. ஒவ்வோர் ஆண்டும் பழைய அச்சையே திருத்தி வெட்டி அடுத்த ஆண்டுக் காரை வார்த்தார்கள். அதனால் முந்தைய ஆண்டின் வடிவம் அச்சோடு அழிந்தது. விளம்பரப் பொருளுக்குப் பழசு எதற்கு? ஆனால் கட்டியவர்கள் எதைத் தேடினார்கள் என்று பாருங்கள். ஏஎம்டியின் பெயரை நிலைநிறுத்திய பெட்டிகளில் ஒன்று 1932ஆம் ஆண்டு ஃபோர்டு. எந்த ஷோரூமிலும் விற்பனைக்கு இல்லாத, கால் நூற்றாண்டு பழைய கார். அதை வைத்து எந்தக் கம்பெனியும் புது கார் விற்க முடியாது. அந்தப் பெட்டி நின்றதற்கு ஒரே காரணம், அதில் செய்வதற்கு நிறைய இருந்தது.

அமெரிக்காவை விட்டு வெளியே வந்தாலும் இதே உண்மை வேறு வழியில் தெரிகிறது. ஜப்பானின் ஷிசுவோகா, மரவேலைக்குப் பேர்போன ஊர். கோவில் கட்ட வந்த தச்சர்கள் தங்கிவிட்டதால் வந்த பேர் அது. அங்கே அவோஷிமா, ஹசெகாவா, தாமியா எல்லாமே முதலில் மர மாடல்கள் செய்தவை. தாமியா 1946இல் மர வியாபாரமாகப் பிறந்தது. வெளிநாட்டுப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்ததும் மர மாடல் படுத்தது. தாமியா 1960இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1967இல் 12இல் ஒரு பங்கு அளவில் ஹோண்டா பந்தயக் காரை வெளியிட்டது. 1976இல் வந்த போர்ஷே 934க்காக, நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தாமியா ஒரு போர்ஷே 911 காரையே வாங்கி அக்கக்காகக் கழற்ற வைத்தார். கட்டுகிறவர் பார்க்கவே போகாத மூட்டுகளிலும் பிசகு இருக்கக் கூடாது என்ற பிடிவாதம் அது. அமெரிக்கப் பெட்டி கட்டுகிறவருக்குச் சுதந்திரத்தைக் கொடுத்தது என்றால், ஜப்பானியப் பெட்டி துல்லியத்தைக் கொடுத்தது. துல்லியம் கூடினால் கைவேலை குறையும் என்றுதான் தோன்றும், நடந்தது வேறு. பாகங்கள் இடுக்கின்றிப் பொருந்தியதும், அங்கே மிச்சமான நேரமெல்லாம் நிறத்துக்குப் போனது.

1970களில் சரிவு வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியது. அதற்கு முன்பே பசைக்குக் கெட்ட பெயர்: டொலுயீன் கலந்த குழாய்ப் பசையைப் பிள்ளைகள் முகர்ந்து போதை தேடியதால், டெஸ்டர்ஸ் நிறுவனம் 1960களின் முடிவில் முகரவே முடியாதபடி கடுகு எண்ணெயின் காரத்தைச் சேர்க்க வேண்டிவந்தது. ஏஎம்டி 1978இல் லெஸ்னிக்கும் பின்னர் எர்ட்டிலுக்கும் கைமாறியது. 1986இல் ரெவெலும் மோனோகிராமும் ஒன்றாயின. 2018இல் ரெவெலை வைத்திருந்த ஹாபிகோ திவாலானது. வீடியோ கேம் வந்து கொன்றுவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பிள்ளைகளின் சந்தையைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. ஆனால் கைவினை மேலேறியது அதே ஆண்டுகளில்தான். 1979இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கிய மாடல் கார் போட்டியில் ஒரு பிரிவு இருந்தது: எல்லோரும் ஒரே பெட்டியைத்தான் கட்ட வேண்டும். மேசையில் வரிசையாக வந்து நின்றவை ஒன்றையொன்று ஒத்திராத கார்கள். பெட்டி தீர்மானித்தது எவ்வளவு, கை தீர்மானித்தது எவ்வளவு என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இன்றைய சேகரிப்புச் சந்தை தலைகீழாக மதிப்பிடுகிறது. பிரிக்காத பழைய பெட்டிக்குத்தான் விலை. 1962இல் ஒரு பையன் கட்டி நிறம் அடித்த கார், பாகங்களுக்காகக் கழற்றப்படுகிறது. குரோமும் பழைய பெயின்டும் கரைசலில் ஊறிக் கரைந்துபோகின்றன. கட்டுகிறவர்களின் அருங்காட்சியகம் ஒன்று யூட்டாவில் உருவாக்கப்பட்டது என்பது ஆறுதல், ஒன்று போதாது. பெட்டிகளை மறுபடி வார்க்க முடிகிறது, அழிந்த அச்சுகளைக்கூடப் பழைய உடலைப் பார்த்துப் புதிதாக வெட்டுகிறார்கள். கட்டிய காரை யாரும் மறுபடி வார்க்க முடியாது. வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைத்தால், தூசியைத் தட்டிவிட்டு அப்படியே வையுங்கள். யார் கட்டினார், என்ன பெயின்ட், எந்த ஆண்டு என்று ஒரு சீட்டு எழுதி அடியில் ஒட்டுங்கள்.