பேட்டரியை மாற்றியும் கார் நின்றுபோகிறதா? பழைய காரின் ஆல்டர்னேட்டரை வீட்டிலேயே மாற்றலாம்

புதுப் பேட்டரி போட்டு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். பக்கத்து வீட்டாரிடம் ஜம்பர் கேபிள் வாங்கி ஸ்டார்ட் செய்து, கடைக்குப் போய் மறுபடியும் ஒரு பேட்டரி வாங்குவார்கள். அதுவும் சில வாரங்களில் படுத்துவிடும். பழைய புரோட்டோன் சாகா, விரா, பெரோடுவா கஞ்சில் வைத்திருக்கும் பல குடும்பங்களில் இப்படித்தான் பணம் வீணாகிறது. பழுதானது பேட்டரி அல்ல, அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் பணப் பிரச்சினை இல்லை. செம்பனைக் காட்டுச் சாலையில் இரவு எட்டு மணிக்கு விளக்கு மங்கி எஞ்சின் நின்றால், டவுனிலிருந்து இழுவை லாரி வர எவ்வளவு நேரமாகும் என்பது அங்கு வசிப்பவர்களுக்குத் தெரியும். மருத்துவமனைக்குப் போகும் வழியில் அப்படி நடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்குத் தமிழில் 'மாறுதிசை மின்னாக்கி' என்ற கலைச்சொல் இருக்கிறது. உதிரிபாகக் கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது, எனவே ஆல்டர்னேட்டர் என்றே எழுதுகிறோம். ஆனாலும் அந்தக் கலைச்சொல் வேலையைச் சரியாகவே சொல்கிறது. எஞ்சின் ஓடும்போது பெல்ட் இதைச் சுற்றுகிறது. உள்ளே மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் வோல்ட் அளவைக் கட்டுக்குள் வைக்கிறது. சுழலும் பகுதிக்குக் கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் போகிறது. பழைய கார்களில் பெரும்பாலும் தேய்வது இந்தப் பிரஷ்ஷும் பேரிங்கும்தான்.

கழற்றும் முன் சோதியுங்கள்

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். பிறகு எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஹெட்லைட், ஏர்கோன் இரண்டையும் போட்டும் 13க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போதும் 12.5, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். மாறாக 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அது பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, கார் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் திடீரென எகிறி டையோடையும், இன்ஜெக்‌ஷன் கார் என்றால் அதன் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பி ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லிவிடவும் வேண்டாம். பெல்ட் தளர்ந்திருந்தாலும் சார்ஜ் ஏறாது. மழை நாளில், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'கீச்' என்று கத்துவது அதன் அடையாளம். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து மீண்டும் அளந்து பாருங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். சிவப்புப் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். பல பழைய கார்களில் அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் போகிறது. பல்பு எரிந்து போயிருந்தாலே சார்ஜ் ஏறாமல் போகலாம். சில காசு பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டும்போது அந்த விளக்கு எரிந்தால் உடனே வெப்ப முள்ளையும் பாருங்கள். பல பழைய எஞ்சின்களில் ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. முள் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும், அங்கேயே நிறுத்துங்கள். முள் ஏறாவிட்டால் ஏர்கோன், ரேடியோவை அடைத்துவிட்டு அருகிலுள்ள வெளிச்சமான இடம் வரை போகலாம். கார்புரேட்டர் வைத்த பழைய சாகாவில் பெட்ரோல் பம்பை எஞ்சினே இயக்குவதால் கொஞ்சம் கூடுதல் தூரம் தாங்கும்.

எதை வாங்குவது

புதிது, ரீகண்டிஷன், ஹாஃப்-கட் கடையில் கழற்றிய பழையது என மூன்று வகை உண்டு. ஹாஃப்-கட் மலிவுதான். ஆனால் அதன் பிரஷ் எவ்வளவு மீதமிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தினமும் வேலைக்குப் போகும் கார் என்றால், உத்தரவாதம் தரும் கடையில் புதிதோ ரீகண்டிஷனோ வாங்குவதே நல்லது என்பது நம் கருத்து. உங்கள் ஆல்டர்னேட்டரில் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால், கார் மின்சார வேலை செய்யும் பட்டறையில் அதை மட்டும் மாற்றித் தருவார்கள். முதலில் அதைக் கேளுங்கள்.

முடிந்தால் பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒரே மாடல் கார் என்றாலும் கார்புரேட்டர், இன்ஜெக்‌ஷன் வகைகளுக்கிடையே பாகம் மாறலாம். புல்லியில் எத்தனை வரி, பிளக்கின் வடிவம், போல்ட் நுழையும் காதுகளின் இடைவெளி, லேபிளில் உள்ள ஆம்பியர் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். தோட்டத்தில் ஓடும் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு வேக்கூம் பம்ப் இருக்கும். பிரேக்கை இலகுவாக்குவது அதுதான். அதன் எண்ணெய்க் குழாயோ காற்றுக் குழாயோ சரியாகப் பொருந்தாவிட்டால் பிரேக் கல்லாக இறுகிவிடும். அந்த வேலையைப் பட்டறை போர்மேனிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் கெட்டும் கடைக்காரர் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கைப் பதியலாம். அங்கு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள் விசாரிக்கப்படுகின்றன.

மாற்றும் வேலை

எஞ்சின் ஆறட்டும். கைலியோடு வேலை செய்ய வேண்டாம். கையில் உள்ள காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரி மின்சாரம் மோதிரம் வழியாகப் பாய்ந்தால் நொடியில் அது பழுத்து விரலைச் சுட்டுவிடும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இதைத் தவிர்க்கவே முடியாது. ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த ஒயரில், சாவி அடைத்திருந்தாலும் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதிலிருந்து எஞ்சின் இரும்பைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு பெல்ட் போகும் பாதையையும் ஒயர்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கை அதன் கொக்கியை அழுத்தி இழுங்கள். ரப்பர் மூடியை விலக்கித் தடித்த ஒயரின் நட்டைக் கழற்றுங்கள். அடுத்து, பெல்ட்டை இறுக்கும் பகுதியில் உள்ள பூட்டுப் போல்ட்டையும், ஆல்டர்னேட்டர் அசையும் நீள போல்ட்டையும் தளர்த்துங்கள். பெரும்பாலும் 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் போதும். துருப்பிடித்திருந்தால் முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைப்பது உத்தமம்; பலத்தைக் காட்டி போல்ட் முறிந்தால் அரை நாள் வேலை இரண்டு நாளாகிவிடும். ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் கழன்று வரும். நீள போல்ட்டை உருவும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், நான்கைந்து கிலோ எடை இருக்கும். சில கார்களில் கீழிருந்துதான் எடுக்க முடியும். அப்படியானால் ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள். சமதரையில், ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்திற்குக் கல் கொடுத்த பிறகே குனியுங்கள்.

புதியதை மாட்டும்போது இரண்டு போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இந்த நேரத்தில் அதற்குத் தனி உழைப்பு இல்லை. பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போய்விடும், சில சமயம் வாட்டர் பம்பும் சேர்ந்து போகும். தடித்த ஒயரின் நட்டை நன்றாக இறுக்குங்கள். அது தளர்ந்திருந்தால் சூடேறி ஒயரே உருகும்.

பேட்டரி முழுதும் இறங்கியிருந்தால் சார்ஜரில் ஏற்றிவிட்டு மாட்டுங்கள். செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் வேலையைப் புதிய ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டினால் அது சூடாகி முதல் நாளே தளர்ந்துவிடும். நெகட்டிவ் முனையைக் கடைசியாக மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு விளக்கு அணைய வேண்டும், மீட்டரில் 14ஐ ஒட்டிய எண் வர வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு பெல்ட்டை மீண்டும் அழுத்திப் பாருங்கள். புதுப் பெல்ட் சற்றுத் தளரும்.

பழைய ஆல்டர்னேட்டரைத் தூக்கி எறியாதீர்கள். ரீகண்டிஷன் கடைகள் பலவற்றில் அதை வாங்கிக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். உள்ளே செம்புக் கம்பி இருப்பதால் பழைய இரும்புக்காரரும் வாங்கிக்கொள்வார்.