ஒல்லாந்து அமைச்சரும் மட்டக்களப்புக் கடலும்

1602ஆம் ஆண்டு மே மாத முடிவில், யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கடலோடி மட்டக்களப்புக் கரையை அடைந்தார். ஓராண்டுக்கு முன்னர் அவர் புறப்பட்டபோது அவரோடு மூன்று கப்பல்கள் வந்தன. செம்மறிக்கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி என்பன அவற்றின் பெயர்கள். ஆட்டின் பெயரோடு வந்தவர்களின் பிற்காலப் போக்கை நாம் அறிவோம்.

மட்டக்களப்பிலிருந்து ஸ்பில்பேர்கன் கண்டிக்குச் சென்றார். முதலாம் விமலதர்மசூரியன் அவரைப் பெருமகிழ்ச்சியோடு வரவேற்றான். போர்த்துக்கேயரை விரட்ட ஒரு துணை கிடைத்தது என்பதே அந்த மகிழ்ச்சிக்குக் காரணம். ஒல்லாந்தர் கோட்டை கட்ட விரும்பினால் தானும் அரசியும் பிள்ளைகளும் கல்லும் சுண்ணாம்பும் சுமப்போம் என்று சொல்லுமளவுக்கு அவன் உருகினான். ஸ்பில்பேர்கன் அவனுக்கு ஒரு படத்தைப் பரிசளித்தார். முழுக்கவசம் பூண்டு குதிரைமேல் அமர்ந்திருக்கும் மோரிஸ் இளவரசரின் படம் அது. 1600ஆம் ஆண்டில் நியூபோர்ட் போர்க்களத்தில் வென்ற கோலம். அரசன் அதைத் தன் அறையிலே மாட்டிவைத்தான்.

ஒல்லாந்தை ஆள்பவர் இவரே என்று கண்டி அரசன் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த நியூபோர்ட் படையெடுப்பே இளவரசர் மனமுவந்து மேற்கொண்டதன்று. கறுப்பு அங்கி அணிந்த ஒரு சட்டத்தரணியின் வற்புறுத்தலால் நடந்தது. அந்தப் படத்தில் இடம்பெறாத அந்த மனிதரைப் பற்றியே நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

யோகான் வான் ஓல்டன்பார்னவெல்ட் 1547இல் அமெர்ஸ்போர்ட் என்ற ஊரில் பிறந்தவர். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்று ஹேக் நகரில் தொழில் தொடங்கினார். நெதர்லாந்து மாகாணங்கள் ஸ்பானிய மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த காலம் அது. 1576இல் ரொட்டர்டாம் நகரின் சட்ட ஆலோசகரானார். 1584இல் விடுதலைப் போரின் தலைவர் வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைவனற்ற நாட்டில், அவருடைய பதினெட்டு வயதும் நிரம்பாத மகன் மோரிஸைப் படைத்தலைமைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் ஓல்டன்பார்னவெல்ட். பின்னால் நிகழ்ந்ததை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி உறுத்தும்.

1586இல் அவர் ஒல்லாந்து மாகாணத்தின் 'நாட்டுச் சட்டத்தரணி' ஆனார். பெயர் எளிமையானது. அதிகாரமோ மிகப் பெரியது. ஏழு மாகாணங்கள் சேர்ந்த குடியரசில் செல்வத்திலும் செல்வாக்கிலும் மேலோங்கி நின்றது ஒல்லாந்து. அதன் சபையை நடத்துவதும், பிற நாட்டுத் தூதுவர்களோடு பேசுவதும், கடிதங்களை வரைவதும் அவரே. பிரதம மந்திரி என்ற பதவி அன்று அங்கே இல்லை. ஆயினும் அவர் 32 ஆண்டுகள் செய்தது அந்த வேலையைத்தான். 1596இல் பிரான்சும் இங்கிலாந்தும் இந்தச் சிறு குடியரசைச் சமமான நாடாக ஏற்று உடன்படிக்கை செய்துகொண்டன. அரசனில்லாத நாட்டுக்கு அது எளிதில் கிட்டிய மதிப்பல்ல.

வள்ளுவர் அமைச்சருக்கென்று பத்து அதிகாரங்கள் வகுத்தார். சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம், தூது என்று விரியும் அந்த வரிசையில் 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' என்று ஓர் அதிகாரமும் உண்டு. மற்றவற்றில் தேர்ந்த இம்மனிதர் இந்த ஒன்றில் தோற்றார் என்பது என் எண்ணம். மன்னன் இல்லாத நாடுதானே என்று இருந்துவிட்டார் போலும்.

நம்மோடு நேராகத் தொடர்புடைய அவருடைய செயல் 1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி நிறைவேறியது. அதற்கு முன் ஒல்லாந்தின் ஒவ்வொரு துறைமுகமும் தனித்தனி வணிகக் குழுக்களைக் கிழக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருவரோடொருவர் போட்டியிட்டதால் இங்கே வாங்கும் விலை ஏறியது. அங்கே விற்கும் விலை இறங்கியது. விட்டுக்கொடுக்க மறுத்த வணிகர்களைப் பேசிப் பேசி இணங்கவைத்து, எல்லாரையும் ஒரே கம்பனியாக இணைத்தவர் ஓல்டன்பார்னவெல்ட். அதுவே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. ஆறு நகரக் கிளைகள், பதினேழு இயக்குநர்கள், 21 ஆண்டுப் பட்டயம். நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே அரசர்களோடு உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும், படைவீரரை வைத்திருக்கவும் அந்தப் பட்டயம் வணிகருக்கு அதிகாரம் வழங்கியது. கறுவா வாங்க வருபவன் கையில் வாளையும் கொடுத்தனுப்பிய சட்டம் அது. ஸ்பெயினின் பொருள்வளத்தைக் கீழைக்கடலில் தாக்குவதே அவரது நோக்கம். போர்த்துக்கல் அக்காலத்தில் ஸ்பானிய மன்னனின் ஆட்சிக்குள் இருந்தது.

அந்த வாளின் விளைவை முதலில் கண்ட இடங்களுள் ஒன்று மட்டக்களப்பு. கம்பனியின் முதற் கப்பற்படையைச் சேர்ந்த செபால்ட் டி வேர்ட் 1603இல் இங்கே வந்தார். போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்தார். பிடித்த போர்த்துக்கேயரையோ விட்டுவிட்டார். அரசனுக்குச் சினம். ஒல்லாந்த மாலுமிகள் மாடுகளைக் கொன்று தின்றதாக மக்களுக்கும் மனக்கசப்பு. விமலதர்மசூரியன் மட்டக்களப்புக்கே நேரில் வந்திருந்தான். விருந்தின் நடுவே, மது மயக்கத்தில் இருந்த டி வேர்ட் அரசனைக் கப்பலுக்கு வருமாறு நெருக்கினார். அரசியைப் பற்றியும் தகாத சொல் சொன்னார் என்பார்கள். அவரும் உடன் வந்தோர் பலரும் அங்கேயே வெட்டுண்டனர். சமாதானம் வேண்டுமானால் சமாதானம், போர் வேண்டுமானால் போர் என்று அரசன் கப்பலுக்கு ஓலை அனுப்பினான். கம்பனி பழிவாங்க முனையவில்லை.

ஓல்டன்பார்னவெல்டோ ஐரோப்பாவில் வேறு பாதையில் நடந்தார். நாற்பது ஆண்டுப் போரில் கருவூலம் வற்றிவிட்டதென்று கண்டு, 1609இல் ஸ்பெயினோடு பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் செய்தார். கிழக்கிந்திய வாணிபத்தைக் கைவிடுங்கள் என்று ஸ்பெயின் கேட்டது. அதற்கு அவர் இணங்கவில்லை. மேற்கிந்தியக் கம்பனி ஒன்றை அமைக்கும் திட்டத்தை மட்டும் தள்ளிவைத்தார். வீட்டுவாசலில் சமாதானம், தொலைகடலில் வாள் என்ற இந்த இரட்டைக் கணக்கை அவருடைய புகழ்பாடிகள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். கீழைக்கரையில் பிறந்த நாம் அப்படிக் கடக்க முடியாது.

போர்நிறுத்தத்தை மோரிஸ் விரும்பவில்லை. போர் நின்றால் தளபதிக்கு என்ன வேலை? அதற்குள் சமயச் சண்டையும் மூண்டது. லெய்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான ஆர்மீனியசும் கோமாரசும், மனிதன் கடைத்தேறுவது இறைவன் முன்பே விதித்ததா, மனித விருப்புக்கும் அதில் இடமுண்டா என்று வாதிட்டனர். நம் சைவ மடங்களிலே திருவருளையும் ஆன்மாவின் முயற்சியையும் பற்றி நடந்த வாதங்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அங்கே வாதம் வீதிக்கு வந்தது. இரு தரப்புக்கும் இடமளிக்க வேண்டும், திருச்சபை அரசுக்கு மேற்பட்டதன்று என்பது ஓல்டன்பார்னவெல்டின் நிலைப்பாடு. 1617 ஓகஸ்டில், அமைதி காக்க நகரங்கள் தாமே காவற்படை திரட்டலாம் என்ற தீர்மானத்தை ஒல்லாந்துச் சபையில் நிறைவேற்றினார். படைத்தலைவருக்கு இதைவிடப் பெரிய அறைகூவல் வேறில்லை. மோரிஸ் எதிர்த்தரப்போடு வெளிப்படையாகச் சேர்ந்தார். அந்தக் காவற்படைகளைக் கலைத்தார். 1618 ஓகஸ்ட் 29இல் முதியவரைக் கைதுசெய்தார்.

இருபத்துநான்கு நீதிபதிகள் கொண்ட தனி மன்றம் விசாரித்தது. அவர்களுள் பலர் அவருடைய பகைவர்கள். வாழ்நாள் முழுதும் சட்டத்தரணியாக இருந்தவருக்குத் தமக்கென ஒரு சட்டத்தரணி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மன்னிப்புக் கேட்டால் உயிர் தப்பலாம் என்ற குறிப்பு வந்தபோது, குற்றமற்றவருக்கு மன்னிப்பு எதற்கென்று குடும்பத்தார் மறுத்தனர். 1619 மே 13ஆம் திகதி, தாம் ஆட்சி நடத்திய அதே மன்றக் கட்டட முற்றத்தில், எழுபத்தொரு வயதில், ஊன்றுகோலோடு மேடையேறி அவர் தலை கொடுத்தார். உடன் கைதான சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியசுக்கு ஆயுட்சிறை. 1621இல் மனைவியின் சூழ்ச்சியால் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து அவர் தப்பினார். புத்தகம் ஒருவரை இப்படியும் காப்பாற்றியிருக்கிறது!

இலக்கியம் இந்தச் சாவை உடனே பற்றிக்கொண்டது. அதே 1619ஆம் ஆண்டிலேயே பிளெச்சரும் மசிஞ்சரும் எழுதிய நாடகமொன்று இலண்டனில் மேடையேறியது. ஒல்லாந்தின் பெருங்கவிஞர் வொண்டல் அந்த ஊன்றுகோலையே பாடுபொருளாக்கினார். 1625இல் 'பலமீடிஸ்' என்ற நாடகத்தில் கிரேக்கக் கதையைப் போர்த்தி இந்தக் கொலையைச் சொன்னார். போர்வை மெல்லியது, தண்டம் கட்ட நேர்ந்தது.

1623இல் ஓல்டன்பார்னவெல்டின் மகன் ஒருவன் மோரிஸைக் கொல்லச் சதி செய்து பிடிபட்டான். மன்னிப்புக் கேட்டுத் தாய் மரியா வந்தார். கணவருக்காகக் கேட்காதவர் மகனுக்காகக் கேட்பதேன் என்றார் மோரிஸ். கணவர் குற்றமற்றவர், மகன் குற்றவாளி என்று அந்த அம்மையார் விடையளித்ததாகச் சொல்வர். மகனும் தலை இழந்தான்.

அமைச்சர் மறைந்தாலும் அவர் எழுதுவித்த பட்டயம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. 1638 மே 18இல் கம்பனியின் தளபதி வெஸ்டர்வோல்ட், புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயக் கோட்டையைப் பிடித்தார். ஐந்து நாட்களின் பின் அங்கேயே இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைத்திருப்பது 'அரசர் விரும்பினால்' மட்டுமே என்று அரசனிடமிருந்த படியில் இருந்தது. ஒல்லாந்தர் கையிலிருந்த படியில் அந்த இரண்டு சொற்களும் இல்லை.