எத்தனை நரம்பியல் வைத்தியர்கள் வேணும்? பிழைத்துப்போன ஒரு கணக்கு

வீட்டில ஒருவருக்கு வலிப்பு வந்தால் நரம்பியல் நிபுணரைத் தேடி ஓடுகிறோம். கிளினிக்குக்குத் திகதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்கும்போதுதான் "ஏன் ஆக்கள் காணாது?" எண்டு கேட்கிறோம். ஒரு நிபுணரை உருவாக்கப் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். அப்படியெண்டால் இண்டைக்கு இருக்கிற தட்டுப்பாடு, எப்பவோ போட்ட கணக்கின் விளைவு. அந்தக் கணக்கு எப்படிப் பிழைக்கிறது என்பதை அமெரிக்காவின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

1976 இல் அங்கே பட்டப்பின் மருத்துவக் கல்விக்கான தேசிய ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு துறைக்கும் நிபுணர்களை இருத்தி, எந்த நோய் எத்தனை பேருக்கு வரும், அதற்கு எவ்வளவு வைத்திய நேரம் வேணும் எண்டு கணித்தார்கள். 1980 இல் வந்த அறிக்கை, 1990 இல் 70,000 வைத்தியர்களும் 2000 இல் 145,000 பேரும் மிகையாக இருப்பார்கள் என்றது. மருத்துவபீட அனுமதியைக் குறைக்கவும், வெளிநாட்டில் படித்து வருபவர்களைக் கட்டுப்படுத்தவும் பரிந்துரைத்தது. அடுத்த இருபத்தைந்து வருடங்களாக அங்கே அனுமதி எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. 1997 இல், அரச காப்புறுதி நிதியில் பயிலும் வைத்தியர்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு போட்டார்கள்.

இதற்கிடையில் நரம்பியலே மாறிவிட்டது. 1993 இல் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோய்க்கு இன்டர்பெரோன் அனுமதிக்கப்பட்டது. 1996 இல் பாரிசவாதத்துக்கு, மூன்று மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டிய, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து வந்தது. முன்பு நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு விலகிய வைத்தியர், இப்ப இரவிரவாக வாட்டில் நிற்க வேண்டியவர். சனமும் வயதாகிக்கொண்டு போனது. 1980 இன் கணக்கில் இந்த மருந்துகளுக்கு இடமே இருக்கவில்லை.

2006 இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் அனுமதியை 30 வீதத்தால் கூட்டச் சொன்னது. 2013 இல் வெளியான ஆய்வொன்று நரம்பியலை மட்டும் எடுத்து எண்ணியது. 2012 இல் இருந்தவர்கள் 16,366 பேர், தேவைப்பட்டவர்கள் 18,180 பேர். 2025 இல் 18,060 பேர்தான் இருப்பார்கள், 21,440 பேர் தேவைப்படுவார்கள் எண்டு மதிப்பிட்டது. பற்றாக்குறை 11 வீதத்திலிருந்து 19 வீதமாகும்.

இதில எங்களுக்கு என்ன? அமெரிக்க வைத்தியர்களில் கிட்டத்தட்ட நாலிலொரு பங்கினர் வேறு நாடுகளில் படித்தவர்கள். பணக்கார நாட்டின் கணக்குப் பிழைத்தால், இடைவெளியை நிரப்பப் போவது ஏழை நாடுகளின் பிள்ளைகள். எங்கட நிபுணர்களும் பட்டப்பின் பயிற்சியின் ஒரு பகுதிக்கு வெளிநாடு போய்த்தான் வர வேண்டும். 2022 நெருக்கடியில் எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதை எங்கட குடும்பங்களிலேயே பார்த்தோம்.

ஆகவே இலங்கையில் இந்தக் கணக்கைப் போடுபவர்கள் எத்தனை பேரைப் பயிற்றுவிக்கிறோம் எண்டு மட்டும் எண்ணினால் காணாது. எத்தனை பேர் திரும்பி வருவார்கள், வந்தவர்கள் கொழும்பைத் தாண்டி வேலை செய்வார்களா என்பதையும் எண்ண வேணும். கிளினிக்குக்கு வரவே வழியில்லாத நோயாளியையும் அதில் சேர்க்க வேணும். அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் அவருக்கும் வலிப்பு வருகிறது.