ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்: தினமும் ஓட்டக்கூடிய சூப்பர் கார்

வேகமும் வசதியும் ஒரே காரில் சேராது என்பது 1980களில் பலரும் நம்பிய ஒன்று. அன்றைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பார்க்க அழகு, ஓட்ட வேகம். ஆனால் கிளட்ச் கனமாக இருக்கும், உள்ளே வெப்பம் தாங்காது, பின்னால் வரும் வண்டி சரியாகத் தெரியாது, பராமரிப்புச் செலவோ மிக அதிகம். இவற்றையெல்லாம் வேகத்துக்குக் கொடுக்கும் விலை என்று உரிமையாளர்களும் பொறுத்துக் கொண்டார்கள்.

இந்த எண்ணத்தை மாற்ற முயன்றது ஜப்பானின் ஹோண்டா நிறுவனம். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் என்.எஸ்.எக்ஸ் அறிமுகமானது. 1990இல் விற்பனைக்கு வந்தது. இதன் தலைமைப் பொறியாளர் ஷிகெரு உஎஹாரா.

எடை கூடினால் வேகம் குறையும். எடையைக் குறைக்க வசதிகளை நீக்கினால் தினமும் ஓட்ட முடியாது. இந்தச் சிக்கலுக்கு ஹோண்டா கண்ட விடை அலுமினியம். உடல் முழுவதும் அலுமினியத்தால் ஆன மோனோகாக் அமைப்புடன் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார் இதுதான். இரும்பில் மிச்சமான எடையைக் கொண்டு ஏ.சி., நல்ல இருக்கை போன்றவற்றை வைக்க முடிந்தது. ஓட்டுநர் அறை எஃப்-16 போர் விமானத்தைப் பார்த்து அமைக்கப்பட்டதால் நாலாபுறமும் நன்றாகத் தெரிந்தது. நடுவில் இருந்த 3.0 லிட்டர் வி6 எஞ்சினில் டைட்டானியம் கனெக்டிங் ராடுகள் இருந்தன. விடெக் தொழில்நுட்பத்தால் அது 8,000 ஆர்.பி.எம். வரை சுழன்றது; நகர நெரிசலிலும் முரண்டு பிடிக்காமல் ஓடியது.

சொகுசுக்காக உறுதியை விட்டுவிடவும் இல்லை. 1989இல் சுசுகா பந்தயத் தளத்தில் மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்த அயர்டன் சென்னா, உடலமைப்பு இன்னும் உறுதியாக வேண்டும் என்று கருதினார். அதன்பின் ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் தளத்தில் நீண்ட சோதனைகள் நடத்தி அதை வலுப்படுத்தினார்கள்.

ஆனால் எல்லோரும் திருப்தி அடையவில்லை. "ரொம்ப ஒழுங்கான கார், உணர்ச்சி இல்லை" என்பது பலரின் குறை. அப்படிப்பட்டவர்களுக்கு 1992இல் ஜப்பானில் மட்டும் என்.எஸ்.எக்ஸ்-ஆர் வந்தது. அதில் ஒலித்தடுப்புப் பொருட்கள், ஆடியோ, மாற்றுச் சக்கரம் எல்லாம் நீக்கப்பட்டு எடை சுமார் 120 கிலோ குறைந்தது. அதாவது, வசதியின் எடை எவ்வளவு என்பதை ஹோண்டாவே அளந்து காட்டிவிட்டது!

விற்பனையில் என்.எஸ்.எக்ஸ் பெரிய வெற்றி இல்லை. 2005 வரை 15 ஆண்டுகளில் 18,000க்குச் சற்று அதிகமான கார்களே தயாராயின. ஹோண்டா பெயருக்கு அவ்வளவு விலையா என்று வாங்குபவர்கள் தயங்கினார்கள். ஆனால் அதன் தாக்கம் பெரியது. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மர்ரி, என்.எஸ்.எக்ஸை ஓட்டிய பிறகு அதையே தன் அளவுகோலாகக் கொண்டார். உலகின் மிக வேகமான காராக விளங்கிய எஃப்1இல் ஏ.சி.யும் சாமான் வைக்க இடமும் இருந்தது தற்செயல் அல்ல. ஃபெராரியும் 1994இல் எஃப்355 மூலம் ஓட்டுவதற்கு எளிதான கார் பக்கம் திரும்பியது.

இன்று விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களைக் கடைக்குப் போகவும் ஓட்டுகிறார்கள். அதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அதிகம் விற்காத ஒரு கார் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.