டன்லப் தெருவில் ஒரு மேல்கட்டில்

2020 மார்ச் 17 இரவு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது என் முதுகில் ஒரு பை இருந்தது. அதற்குள் நான்கு சட்டை, ஒரு கைலி, கைபேசி சார்ஜர், அம்மா போத்தலில் அடைத்துக் கொடுத்த நெத்திலிச் சம்பல். முந்தைய இரவுதான் மலேசியப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்திருந்தார். தினமும் ஜொகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் மலேசியர்கள் அப்போது 3 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நான் சம்பளம் இருந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வாரம்தானே என்று நினைத்தேன்.

அந்த முதல் இரவுகளில் படுக்க இடம் கிடைக்காமல் கிராஞ்சி எம்.ஆர்.டி நிலையத்தின் அருகே வெறுந்தரையில் படுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்த நிலை வரவில்லை. மலேசியத் தொழிலாளரைத் தங்கவைக்கும் நிறுவனங்களுக்கு, ஆளுக்கு இரவு 50 வெள்ளி என 14 இரவுகளுக்கு சிங்கப்பூர் அரசு உதவித்தொகை கொடுத்தது. என் கம்பெனி அதை வைத்து லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவில், பழைய கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு பேக்பேக்கர் ஹாஸ்டலில் இடம் பிடித்தது. பத்துப் பேர் அறை. ஐந்து ஈரடுக்குக் கட்டில்கள். எனக்கு மேல்கட்டில்.

சுவரில் ஓர் உலக வரைபடம். அதுவரை அங்கே தங்கியவர்கள் தங்கள் ஊர்களில் குண்டூசி செருகிவிட்டுப் போயிருந்தார்கள். ஐரோப்பா முழுக்க ஊசி. ஜொகூரில் ஒன்றும் இல்லை. மேசையில் மரினா பே, விலங்குத் தோட்டம், இரவுச் சவாரி என்று மடிப்பேடுகள். அவற்றின் நடுவே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களும் பாதுகாவலர்களும் தொழிற்சாலை ஆபரேட்டர்களுமாக நாங்கள் பத்துப் பேர். கீழ்க்கட்டிலில் மாசாயைச் சேர்ந்த ஓர் அண்ணன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். விளக்கை அணைத்த பிறகு சொன்னார்:

"தம்பி, வெள்ளக்காரன் காசு குடுத்து இந்த மாதிரி படுக்க வர்றான் பாரு. எங்கப்பா காசில்லாம இப்படித்தான்லா படுத்தாரு. இதே சிராங்கூன் ரோட்லதான். ஒருத்தன் வேலைக்கு எந்திரிச்சா, பாய் சூடு ஆறுறதுக்குள்ள இன்னொருத்தன் வந்து படுப்பானாம்."

அந்தப் பேச்சுதான் இந்த நகரத்தில் மலிவான படுக்கையின் கதையை என்னைத் தேட வைத்தது.

தமிழர்கள் இங்கே பகிர்ந்து படுத்த இடங்களில் ஓரளவு வசதியானது செட்டியார்களின் கிட்டங்கி. மார்க்கெட் ஸ்திரீட்டை நம்மவர்கள் செட்டித்தெரு என்றே அழைத்தார்கள். நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகம், ஒரு சிறு கணக்குமேசை. பகலில் அதுதான் வட்டிக்கடை, இரவில் அங்கேயே அல்லது மாடியில் பாய் விரித்துப் படுக்கை. சமையல் பொது. பல கடைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1859இல் தேங் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டும் அளவுக்குப் பொருள் சேர்த்தவர்கள் படுத்த இடம் அது. இடம் இல்லாததால் அல்ல, சிக்கனத்துக்காகவும் ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருக்கவும் அவர்கள் கூடிப் படுத்தார்கள். 1970களில் வங்கிக் கோபுரங்களுக்காக அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

கூலிகளின் படுக்கை வேறு. கடைவீடுகளின் மாடிகளைப் பலகையால் தடுத்துத் தடுத்து, சன்னலில்லாத சிற்றறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். சீனாவிலிருந்து வந்தவர்கள் சைனாடவுனில், நம் ஆட்கள் துறைமுகத்தை ஒட்டியும் சிராங்கூன் சாலையிலும். இந்த அறைகளை ஆராய பிரிட்டிஷ் அரசு பேராசிரியர் சிம்சனை வரவழைத்தது. 1907இல் வெளிவந்த அவர் அறிக்கை காற்றும் வெளிச்சமும் இல்லாத தடுப்பறைகளையும் அங்கே பெருகிய காசநோயையும் பேசியது. முதுகோடு முதுகு ஒட்டி நின்ற கடைவீடுகளை வெட்டி நடுவே பின்சந்து விடவேண்டும் என்றார். இன்று லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பின்சந்துகளுக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு. எங்கள் விடுதிக்குப் பின்னாலும் ஒரு சந்து. முகக்கவரியோடு காற்று வாங்க நாங்கள் அங்கேதான் நிற்போம். சிம்சன் எழுதியது எங்களுக்காகவும்தான் என்று பிற்பாடு தோன்றியது.

ஆனால் அறைகள் குறையவில்லை. போருக்குப் பின் 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திவைத்தது. சொந்தக்காரருக்குப் பழுது பார்க்க ஆர்வமில்லை. குறைந்த வாடகைக்கு எடுத்த தலைக்குடியோ மேலும் மேலும் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். சைனாடவுனின் ஒரே ஒரு தெருவில் அறை அறையாகப் போய் ஆய்ந்து பாரிங்டன் கே எழுதிய 'அப்பர் நான்கின் ஸ்திரீட்' நூல் 1960இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. அண்ணனின் அப்பா குடிமகன் ஆகவில்லை. 1967இல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்த பிறகு மாசாய்க்கே திரும்பிவிட்டார்.

தடுப்பறையிலிருந்து தொழிலாளி வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில்தான் வேறொருவர் உள்ளே வருகிறார். டோனி வீலரும் மோரீன் வீலரும் 1973இல் ஆசியாவை மலிவாகக் கடப்பது பற்றி ஒரு சிறு நூல் போட்டிருந்தார்கள். அடுத்து, 1975இல் வெளிவந்த தென்கிழக்காசியக் கையேட்டை அவர்கள் எழுதி முடித்தது சிங்கப்பூரின் சந்துக்குள் இருந்த ஒரு சீன விடுதியில் அமர்ந்து. முதுகுப்பைப் பயணிகளின் வேதம் என்று பின்னால் பேர் வாங்கிய புத்தகம் அது. அதே ஆண்டுகளில் இந்நகரம் நீள முடி வைத்த ஆண்களை எல்லையிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 1972இல் லெட் செப்பலின் குழு அதனால் இங்கே பாட முடியவில்லை. அரசு அலுவலக முகப்புகளில், நீள முடிக்காரர்கள் கடைசியில்தான் கவனிக்கப்படுவார்கள் என்று படத்தோடு அறிவிப்பு இருந்தது. பையைத் தூக்கி வந்த வெள்ளைக்காரனும் அன்று சந்தேகத்துக்கு உரியவன்தான்.

1980களில் பென்கூலன் தெருவில் அவனுக்கு இடம் கிடைத்தது. அடுக்கக வீடுகளைப் பலகையால் தடுத்து, பெயர்ப்பலகைகூட இல்லாமல் படுக்கை வாடகைக்கு விட்டார்கள். மீண்டும் தடுப்பறை! இம்முறை யாரும் அறிக்கை எழுதவில்லை, கையேட்டில் சிபாரிசுதான் எழுதினார்கள்.

1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவை பாதுகாப்பு வட்டாரங்களாயின. வாடகைக் கட்டுப்பாடு 2001இல் அடியோடு நீங்கியது. கடைவீடுகளுக்கு வண்ணம் பூசப்பட்டது. தேக்கா சுற்றுவட்டாரத்தில் ஹாஸ்டல்கள் முளைத்தன. 2002இல் பகோடா தெருவில் மூன்று கடைவீடுகளை இணைத்து சைனாடவுன் மரபுடைமை நிலையம் திறந்தார்கள். 1950களின் தடுப்பறைகளை அப்படியே, பாத்திரம் பாய் சகிதம், அதில் அமைத்திருந்தார்கள். காசு கொடுத்து அந்த அறைகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு, அதேபோன்ற கடைவீட்டு மாடியில் பத்துப் பேரோடு படுக்கப் போகும் பயணியை நினைத்துப் பாருங்கள். கூலி படுத்தால் அது சுகாதாரக் கேடு. பயணி படுத்தால் அனுபவம். கட்டடம் ஒன்றுதான், நெரிசலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் கூலி எங்கே போனான்? அவன் ஊருக்கு ஓரத்துக்குப் போனான். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்குப் பெரிய டாமெட்டரிகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்கள் தேக்காவுக்கு வருவார்கள். 2013 டிசம்பர் 8இல் ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழகத் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் வெடித்தது. 2015இல் பொது இடத்தில் இரவு மது அருந்தத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. அதே ஆண்டில் 1,000 பேருக்கு மேல் தங்கும் டாமெட்டரிகளுக்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. இருந்தும் 2020 ஏப்ரலில் கிருமி அங்கேதான் புகுந்து விளையாடியது. அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, டாமெட்டரிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. சிம்சன் கண்ட உண்மையேதான்: நோய் நெரிசலில் வாழ்கிறது. 2021இல் புதிய டாமெட்டரிகளுக்கு ஓர் அறைக்கு 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கட்டில்களுக்கு இடையே ஒரு மீட்டர் என்று விதி வகுத்தார்கள். அந்த அளவுகோலை எங்கள் ஹாஸ்டல் அறைக்கு வைத்தால் ஐந்து பேருக்குமேல் படுக்க முடியாது.

படுக்கையின் அளவுதான் பிரச்சினை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அது முழு உண்மை இல்லை என்று எனக்குக் காட்டியது 2020 மே மாதம். மாசாயில் அண்ணனின் அம்மா இறந்துபோனார். அவர் போயிருக்கலாம், மலேசியக் குடிமகனை மலேசியா தடுக்காது. ஆனால் போனால் 14 நாள் தனிமை. அதற்குள் காரியமெல்லாம் முடிந்துவிடும். திரும்பி வர வழியிருக்காது, வேலை போகும். பாலிடெக்னிக்கில் ஒரு மகள், வீட்டுக்கடன் பாக்கி. டன்லப் தெருவிலிருந்து மாசாய் முப்பது கிலோமீட்டர் சொச்சம். கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து கைபேசியில் கொள்ளி வைப்பதைப் பார்த்தார். தம்பிதான் வைத்தான். நாங்கள் ஒன்பது பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் அறையிலேயே நின்றுகொண்டிருந்தோம். யாரோ ஒருவன் மட்டும் அந்த உலக வரைபடத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினான்.

பத்துப் பேர் அறையில் ஒரு பயணி மூன்று இரவு நிம்மதியாகத் தூங்குவதற்குக் காரணம் நான்காம் நாள் அவன் போய்விடலாம் என்பதுதான். செட்டியாருக்கும் மூன்றாண்டுக் கணக்கு இருந்தது. அண்ணனுக்கும் டாமெட்டரியில் கதவடைக்கப்பட்டவர்களுக்கும் அந்தத் தேதி இல்லை.

2022 ஏப்ரல் 1இல் தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது. மறு ஆண்டு ஒரு சனிக்கிழமை, வேலைக்கில்லாமல் ஊர் சுற்றவென்றே சிங்கப்பூருக்குப் போனேன். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், கெர்போ சாலையில் 1900இல் கட்டிய டான் டெங் நியாவின் பலவண்ண வீடு, டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் என்று, இரண்டு வருடம் தாண்டித் தாண்டிப் போன இடங்களை முதல்முறையாக நின்று பார்த்தேன். இரவுக்கு அதே விடுதி. 32 வெள்ளி. மேசையில் ஈப்போவைச் சேர்ந்த ஒரு தமிழ்ப்பெண். அவள் தலைக்கு மேல் ஓர் அறிவிப்பு: சுற்றுப்பயணிகளுக்கு மட்டும், வேலை அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு இடமில்லை.

"இது புது ரூலாம்மா?"

"இல்லண்ணா, முன்னயிருந்தே இருக்கு. கொவிட் டைம்ல மட்டும் எடுத்து வச்சிட்டாங்களாம். நீங்க டூரிஸ்ட்தானே?"

ஆமாம் என்றேன்.

அடுத்த நாள் ஞாயிறு. அஞ்சடியில் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பேச்சுகள். மாடிப்படியில் சாய்ந்தபடி ஒருவர் வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். நான் அண்ணனை அழைத்தேன்.

"எந்தக் கட்டில்டா குடுத்தான்?"

"அதே மேல்கட்டில்தாண்ணே."

"கீழ யாரு?"

"ஜெர்மன்காரப் பையன். பதினாறு மணி நேரமாத் தூங்குறான்."

சிறிது நேரம் பேச்சில்லை. "தூங்கட்டும், எழுப்பாத" என்றார் அண்ணன்.