சம்பத் 1961ல் சொன்னதும் அண்ணா 1963ல் செய்ததும்

ராயபுரம் ராபின்சன் பூங்கான்னதும் எல்லாருக்கும் அண்ணா ஞாபகம் வரும். எனக்கென்னவோ ஈ.வெ.கி.சம்பத் ஞாபகம்தான் வரும். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுக தொடக்க விழாக் கூட்டம் நடந்தது இங்கேதான். பெரியாரின் அண்ணன் மகனான சம்பத், புதுக் கட்சியின் ஐம்பெருந்தலைவர்களில் ஒருத்தர். 1957ல் நாமக்கல்லில் ஜெயித்து டெல்லிக்கும் போனார்.

அவர்தான் திராவிட நாடு நடைமுறைக்கு ஆகாதுன்னு முதலில் வெளிப்படையாப் பேசினார். சினிமாக்காரங்களுக்குக் கட்சியில் இருந்த செல்வாக்கும் அவருக்குப் பிடிக்கலை. 1961ல் வெளியேறி தமிழ்த் தேசியக் கட்சி ஆரம்பிச்சார், கண்ணதாசனும் கூடப் போனார். 1962 தேர்தலில் ஒரு சீட்டு கூட தேறலை. சரி, மிதவாதம் எடுபடலைன்னு முடிவு கட்டிடலாமா? அதே தேர்தலில் தனித் தமிழ்நாடே வேணும்னு நின்ன சி.பா.ஆதித்தனாரும் தோத்தார்.

நடுவுல இருந்த திமுக 15ல் இருந்து 50க்குப் போச்சு (அண்ணா மட்டும் காஞ்சிபுரத்தில் தோத்தார், அது தனிக்கதை).

அப்புறம் சீனப் போர் வந்தது. 1963ல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. வேட்பாளரா நிக்கிறவங்க இந்திய ஒருமைப்பாட்டைக் காப்பேன்னு உறுதிமொழி எடுத்தாகணும். அண்ணா திராவிட நாட்டைக் கைவிட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி சம்பத் சொன்னதுக்கும் இதுக்கும் பெரிய தூரமில்லை. ஆனா கட்சி உடையலை. சம்பத்தோ 1964ல் காங்கிரசில் போய்ச் சேர்ந்துட்டார். பாவம் மனுஷன்.

1967ல் திமுகவும் காங்கிரசும் வாங்கிய ஓட்டு ரெண்டு பேருக்குமே சுமார் 41 சதவீதம்தான். திமுக நின்னதோ 234ல் 174 இடத்தில் மட்டும். மீதியை ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. இந்தி எதிர்ப்பும் அரிசிப் பஞ்சமும் கை கொடுத்தது உண்மை. ஆனா என் கணக்கில் பெரிய விட்டுக்கொடுத்தல் கொள்கையில் இல்லை, இந்த சீட்டுப் பங்கீட்டில்தான்.

ஏன் இந்தப் பழைய கதைன்னா, ராயபுரத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருவொற்றியூர்தான் காரணம். 2021ல் சீமான் அங்கே நின்னார். பக்கத்து காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் மீனவர்களுக்கு வாழ்வா சாவா பிரச்சினையா இருந்த நேரம். 48 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கி மூணாவதா வந்தார். ரெண்டாவது வந்த அதிமுகவுக்கும் அவருக்கும் 2 ஆயிரம் ஓட்டு கூட வித்தியாசமில்லை. ஜெயிச்ச திமுகவுக்கு 88 ஆயிரம். மாநிலம் முழுக்க 234லும் தனியா நின்ன நாம் தமிழருக்கு சுமார் 6.6 சதவீதம் ஓட்டு, சீட்டு பூஜ்யம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 8 சதவீதம் தாண்டியும் அதே பூஜ்யம்.

பேச்சின் சூடு அவங்களுக்கு ஓட்டைக் குறைச்ச மாதிரி தெரியலை, ஒவ்வொரு தடவையும் கூடித்தான் இருக்கு. யாரோடும் சேரமாட்டோம்ங்கிற பிடிவாதம்தான் இடிக்குது. அது பிடிச்சே ஓட்டுப் போடறவங்களும் உண்டு, அதையும் சொல்லணும்.

அந்த 48 ஆயிரத்தில் துறைமுகத்துக்காக விழுந்தது எத்தனை, தமிழ்த்தேசியத்துக்காக விழுந்தது எத்தனைன்னு எண்ணூர், கத்திவாக்கம் பக்கத்து மக்கள் யாராவது எழுதுங்களேன். படிக்க ஆவலா இருக்கேன்.